அந்தச் சத்தம் என்ன விலை?

கடையில் இரண்டு எலெக்ட்ரிக் கிடார்கள் தொங்குகின்றன.

முதலாவது, சமர்த்துப் பிள்ளை. ஜாஸ் கேட்டால் ஜாஸ், ராக் கேட்டால் ராக், கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு கேட்டால் அதுவும். விலையும் அடக்கமான விலை. இரண்டாவது அப்படி இல்லை. அதற்கு ஒரே ஒரு குரல்தான். ஆனால், அந்தக் குரல் வேறு எந்த கிடாருக்கும் கிடையாது. விலையோ முதலாவதைப்போல பல மடங்கு.

நீங்கள் எதை வாங்குவீர்கள்?

‘எனக்கு கிடாரே வாசிக்கத் தெரியாது சார், என்னை ஏன் வம்புக்கு இழுக்கறீங்க?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கு அது கிடாராக இல்லாமல் கேமரா லென்ஸாக இருக்கலாம். பழைய புல்லட்டாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட மாம்பழ மஞ்சளில் மட்டுமே நெய்யப்பட்ட பட்டுப் புடவையாக இருக்கலாம். ‘இது அவசியம்’ என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. அதே சமயம் மனசை விட்டும் போகாது. அப்படி ஒரு பொருள் எல்லோருக்கும் உண்டு. அதை வாங்க வசதி இருக்கிறதா என்பது கணக்கு. வாங்குவது சரியா என்பது வேறு கேள்வி. கால்குலேட்டரைத் தட்டினால் முதல் கேள்விக்குத்தான் பதில் வரும்.

இரண்டாவது கேள்விக்கு கிடாரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஏனென்றால், நான் சொன்ன இரண்டாவது கிடார் கற்பனை இல்லை. அதற்கு ஒரு பெயர் உண்டு. ரிக்கன்பேக்கர் 360/12. கலிஃபோர்னியாவில் செய்யப்படுவது. பன்னிரண்டு தந்திகள்.

எலெக்ட்ரிக் கிடார் எப்படிப் பேசுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தந்திக்குக் கீழே ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைப்போன்ற செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. இதைத்தான் பிக்-அப் என்கிறார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் லேசாகக் கலைகிறது. கம்பிச் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயர் ஊதிப் பெரிதாக்குகிறது. அவ்வளவுதான் ரகசியம். 1930-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் போஷாம் என்பவர் இதை உருப்படியாகச் செய்து காட்டினார். அவரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து விற்ற முதல் வாத்தியம் அலுமினியத்தில் வார்த்தது. பார்ப்பதற்கு தோசைக்கல்லுக்கு நீளக் கைப்பிடி போட்டதுபோல இருக்கும். அதற்கு வந்த பட்டப்பெயரே ‘வாணலி’தான். போஷாமுக்கு பேட்டன்ட் கிடைத்தது 1937-ல்.

அடிப்படை ஒன்றுதான் என்றால் ஒவ்வொரு கிடாரும் ஏன் ஒவ்வொரு குரலில் பேசுகிறது? காந்தத்தை எந்த இடத்தில் வைத்தார்கள், எத்தனை சுற்று சுற்றினார்கள், உடம்பு கட்டையா, உள்ளே குடைந்ததா என்று ஏகப்பட்ட சின்னச் சின்ன முடிவுகள். ரிக்கன்பேக்கரின் பன்னிரண்டு தந்திகள் ஆறு ஜோடிகள். மேல் ஸ்தாயி ஜோடிகள் இரண்டில் இரண்டு தந்தியும் ஒரே சுரம். மற்ற நாலு ஜோடிகளில் ஒன்று தடிமன், இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலே பேசும் மெல்லிசு. மற்ற பன்னிரண்டு தந்தி கிடார்களில் பெரும்பாலும், கை கீழே இறங்கும்போது மெல்லிய தந்திதான் முதலில் அடிபடும். ரிக்கன்பேக்கரில் வரிசையை மாற்றிக் கட்டினார்கள். தடித்தது முதலில், மெல்லிசு அப்புறம். ஜோடி ஒன்றுக்குள் இரண்டு தந்திகள் இடம் மாறின. கேட்பவர் காதில் வேறு வாத்தியம்போல விழுகிறது. வெள்ளிக் காசுகளை அள்ளிப் பளிங்குத் தரையில் கொட்டியதுபோல ஒரு கலகலப்பு.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்கா போனார்கள். அப்போது நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு இந்த கிடார் வந்து சேர்ந்தது. அதே வருடம் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படமும் பாட்டும் வந்தன. பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு அடி. ‘ட்ராங்ங்ங்!’ அந்த ஒரு அடியைக் கேட்டு உலகம் முழுக்கப் பல ஆயிரம் பையன்கள் கடை வாசலில் போய் நின்றார்கள்.

இனி நம் சிக்கல்கள் ஒவ்வொன்றாக ஆரம்பம்.

*

முதல் சிக்கல்: நீங்கள் ஆசைப்படுகிற அந்தச் சத்தம், நீங்கள் வாங்கப்போகிற பெட்டிக்குள் இருக்கிறதா?

அந்த ஒற்றை அடியில் என்னென்ன சுரங்கள் இருக்கின்றன என்று கிடார்க்காரர்கள் பல வருடங்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்ன விரல் அமைப்பு இன்னொருவர் கையில் சரியாக ஒலிக்கவில்லை. 2004-ல் ஜேசன் பிரவுன் என்ற கணிதப் பேராசிரியர் அந்த ஒலியை ஃபூரியர் முறையில் கூறு போட்டுப் பார்த்தார். கனடாவின் டல்ஹவுஸி பல்கலைக்கழகத்துக்காரர். அவர் கண்டது, கிடார்களோடு ஒரு பியானோவும் அதற்குள் கலந்திருக்கிறது என்பது. ஜான் லெனனின் கிடார், பால் மெக்கார்ட்னியின் பேஸ், ஜார்ஜ் மார்ட்டினின் பியானோ எல்லாம் சேர்ந்து விழுந்த அடி அது. நாம் என்னவோ ஒரே ஒரு கிடாருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு உதாரணம். ரோஜர் மெக்வின் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரிக்கன்பேக்கர் பக்கம் வந்தார். 1965-ல் அவருடைய ‘பேர்ட்ஸ்’ குழு, பாப் டிலனின் ‘மிஸ்டர் டாம்பூரின் மேன்’ பாட்டை எடுத்து வெளியிட்டது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். ஆரம்பத்தில் வருகிற அந்தப் பன்னிரண்டு தந்தி ஓசையைக் கேட்டுவிட்டு, ‘வாங்கினால் இதைத்தான் வாங்கணும்’ என்று முடிவெடுத்தவர்கள் ஏராளம்.

வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தட்டினால் அது வரவில்லை. ஏன்? அந்தப் பதிவில் ஸ்டுடியோக்காரர்கள் கம்ப்ரஸர் என்ற கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். உரத்த ஒலியை அமுக்கி, சன்னமான ஒலியைத் தூக்கி, சட்டென்று சாகிற நாதத்தை இழுத்துப் பிடிக்கிற கருவி. தவிர, மெக்வின் சிகாகோவில் நாட்டுப்புற இசை படித்தவர். பாஞ்சோ வாசித்துப் பழகிய விரல்கள் அவருடையவை. கிடாரின் தந்திகளை அவர் பாஞ்சோவைப்போல உருட்டினார். அந்த உருட்டல் எந்தக் கடையிலும் விற்பனைக்குக் கிடையாது.

ஆக, ஒரு சத்தத்தைச் செய்ய ஒரு கிடார், ஒரு கருவி, பல வருடப் பழக்கம், பக்கத்தில் வாசித்தவர்கள், ஒரு நல்ல பாட்டு என்று ஒரு கூட்டமே வேலை பார்த்திருக்கிறது. பெருமை முழுக்க மாலையாக விழுவது கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளின் கழுத்தில். கிடாரில் மட்டுமா? பாட்டியின் ரசத்தை நினைத்துக்கொண்டு ஈயச்சொம்பு தேடி அலைகிறவர்களும் இதே ஜாதிதான். சொம்பு கிடைத்துவிடும். பாட்டிக்கு எங்கே போவது?

‘அப்படின்னா வாங்க வேணாம்னு சொல்றீங்களா?’

அவசரப்படாதீர்கள். சொம்பு இல்லாமலும் அந்த ரசம் வராது. ஒரு பொருள் முழுக் காரணம் இல்லை என்பதால் அது காரணமே இல்லை என்று ஆகிவிடாது. ‘எல்லாம் விரல்ல இருக்கு சார், வாத்தியம் சும்மா’ என்று சொல்கிறவர்களும் பாதி உண்மைதான் பேசுகிறார்கள். ஆடத் தெரியாதவர் மேடை கோணல் என்பார், சரி. சில சமயம் மேடை நிஜமாகவே கோணலாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

*

‘காசு கொடுத்து வாங்காதே, நீயே செய்’ என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுடைய தலைவராக பிரையன் மேயைச் சொல்லலாம். ‘குவீன்’ குழுவின் கிடார்க்காரர். 1963-ல் அவருக்குப் பதினாறு வயது. ஆசைப்பட்ட கிடாரை வாங்க வீட்டில் வசதி இல்லை. அப்பா எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினீயர். அப்பாவும் பிள்ளையும் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு கிடார் செய்ய ஆரம்பித்தார்கள். கணப்பு அடுப்புக்கு மேலே இருந்த பழைய மரச்சட்டம் அதன் கழுத்தானது. மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள் ட்ரெமலோவுக்கு. அதன் கைப்பிடி நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து ஒரு துண்டு. விரல் பலகையில் பதிக்கப் பளபளக்கிற சட்டைப் பொத்தான்கள். முடிய இரண்டு வருடங்கள் போல ஆயிற்று. 2002-ல் எலிசபெத் ராணியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் ஏறி நின்று அவர் வாசித்ததும் அதே கிடாரைத்தான்.

இந்தக் கதையை இந்த இடத்திலேயே நிறுத்தி, ‘பார்த்தீர்களா, மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், இதில் பேசப்படாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, எல்லோர் வீட்டிலும் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினீயர் அப்பா இருப்பதில்லை. இரண்டு வருட சாயங்காலங்களும் இருப்பதில்லை. அது கிடைத்தவன் கொடுத்துவைத்தவன். கிடைக்காதவனிடம், ‘நீ ஏன் செய்யலை?’ என்று கேட்பது நியாயம் இல்லை.

இரண்டு, பிரையன் மே முதலில் பிக்-அப்களையும் கையாலேயே செய்தார். அது திருப்தியாக வரவில்லை. கடைசியில் பர்ன்ஸ் கம்பெனியின் பிக்-அப் மூன்றைக் காசு கொடுத்து வாங்கித்தான் பொருத்தினார். ஆகவே, உலகப் புகழ்பெற்ற அந்தக் ‘கைவேலை’ கிடாரின் குரல்வளை கடையில் வாங்கியது!

இதில் எனக்கு எந்த ஏமாற்றமும் இல்லை. சொல்லப்போனால், கதையிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். தானே செய்து பார்த்ததால்தான் எதை வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வாங்குவதா, செய்வதா என்பது பட்டிமன்றத் தலைப்பு. நிஜ வாழ்க்கையில், செய்து பார்த்தவன் வாங்கும்போது அவன் பொருளை வாங்குகிறான். செய்து பார்க்காதவன் பொருளைப் பற்றிய கதையை வாங்குகிறான்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு சாதாரண கிடார் இருக்கிறதா? அதில் ‘இதற்கு மேல் இது தராது’ என்கிற இடம் வரை போயிருக்கிறீர்களா? போய் முட்டிக்கொண்டவருக்குத்தான் அடுத்த கிடார் எதற்கு என்று தெரியும்.

*

ஆனால், இந்த விதியும் முழுசாக நிற்கவில்லை.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாண்டலினில் நாலு ஜோடியாக எட்டுத் தந்திகள். மீட்டிய நாதம் சீக்கிரம் செத்துப்போகும். கமகம் இழுக்க ஜோடித் தந்தி இடைஞ்சல். அவர் வாசிக்க நினைத்ததோ கர்நாடக சங்கீதம். அதனால் எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். ஜோடிகளை விட்டு ஒற்றைத் தந்திகளாக ஐந்தை வைத்துக்கொண்டார். ‘சபாவில் மாண்டலினா?’ என்று புருவம் உயர்த்தியவர்கள் பிறகு காது கொடுத்தார்கள். 2014-ல் அவர் காலமாகும் வரை அந்தக் குரல் அவருடைய குரலாகவே இருந்தது. இங்கே பாட்டு முதலில். பாட்டு கேட்டது, வாத்தியம் வந்தது.

ஹாரிசனுக்கு நடந்தது நேர் எதிர். அவர் எந்தப் பாட்டிலும் முட்டிக்கொண்டு நிற்கவில்லை. வாத்தியம் தானாகக் கைக்கு வந்தது. அதற்கப்புறம், அந்த வாத்தியத்துக்குப் பொருத்தமான பாட்டுகள் வந்தன. வாத்தியம் கேட்டது, பாட்டு வந்தது.

எந்த வழி சரி? இரண்டுமே சரியாகத்தான் முடிந்திருக்கிறது. ‘தேவை இருந்தால்தான் வாங்கணும்’ என்று கறாராகச் சொல்கிறவர்களுக்கு ஹாரிசன் ஒரு தொந்தரவு. சில பொருட்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் தேவையே பிறக்கிறது. முதன்முதலில் ஒரு குழந்தை கையில் கலர் பென்சில் டப்பாவைக் கொடுக்கும்போது, ‘உனக்கு வரைய வேண்டிய அவசியம் இருக்கா?’ என்று யாராவது கேட்கிறோமா?

*

அடுத்த சிக்கல், இரவல் குரல்.

தனித்துவம் உள்ள பொருளுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை யார் தொட்டாலும் முதலில் தொட்டவர் ஞாபகம் வரும். ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு தந்தியை எடுத்து நீங்கள் ஒரு வருடு வருடினால், கேட்கிறவர், ‘ஆஹா, உங்க வாசிப்பு!’ என்று சொல்ல மாட்டார். ‘அட, பேர்ட்ஸ்!’ என்பார். தனியாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைசியில் இன்னொருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

இதைவிடப் பரிதாபமான கேஸ் எலெக்ட்ரிக் சிதார். 1967-ல் டேன்எலெக்ட்ரோ கம்பெனி ‘கோரல்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. பெயர்தான் சிதார், வாசிப்பது கிடாரைப்போலத்தான். பிரிட்ஜைத் தட்டையாகச் செய்து, தந்தி அதில் உரசி ‘ங்ங்ங்’ என்று ரீங்காரம் செய்யும்படி வைத்தார்கள். நம் தம்பூராவில் ஜீவாவாக ஒரு நூலை வைத்து வாங்குகிறோமே, அந்த ரீங்காரத்துக்குத் தூரத்துச் சொந்தம். 1968-ல் ‘ஹூக்ட் ஆன் எ ஃபீலிங்’ போன்ற ஹிட் பாட்டுகளில் அது வந்தது. 1970-ல் ஸ்டீவி ஒண்டர் பாட்டில் வந்தது. நல்ல குரல்தான். ஆனால், கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் ஒரு தேதி முத்திரைபோல ஆகிவிட்டது. இன்றைக்கு அதைக் கேட்டவுடன் காதில் விழுவது பாட்டு இல்லை, அறுபதுகள்.

அப்படியானால், தனிக்குரல் உள்ள பொருளே ஒரு சிறையா?

இங்கே திரும்பவும் மெக்வினைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். 1965-ல் கலகலவென்று சிரித்த அதே வகை கிடாரை வைத்துக்கொண்டு, 1966-ல் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ என்ற பாட்டை வாசித்தார். சுற்றுப்பயணத்தில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனையும் ரவிஷங்கரின் சிதாரையும். கோல்ட்ரேன் பாட்டு ஒன்றின் பெயரே ‘இந்தியா’. அந்த சாக்ஸபோன் மூச்சைத் தன் பன்னிரண்டு தந்திக்குள் இழுத்துவரப் பார்த்தார் மெக்வின். இந்தியாவை நினைத்து ஊதிய ஓர் அமெரிக்கரை நினைத்து மீட்டிய இன்னொரு அமெரிக்கர்! கேட்டுப் பாருங்கள். காசு கொட்டுகிற ஓசை போய், தடுமாறி, முட்டி மோதி, வழி தேடுகிற ஒரு குரல் கேட்கும். ‘இதற்கு ஒரே குரல்தான்’ என்று நாம் முத்திரை குத்திய கிடார் அது.

பிற்பாடு டாம் பெட்டி, ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக், ஜானி மார் என்று எத்தனையோ பேர் ரிக்கன்பேக்கரை எடுத்தார்கள். முதலில் இரவல் குரலில்தான் பேசினார்கள். பேசிப் பேசி அது அவரவர் குரலானது. யோசித்தால் நாம் எல்லோருமே அப்படித்தான். அம்மா பேசியதைத் திருப்பிச் சொல்லித்தானே பேச ஆரம்பித்தோம்? பேச்சே இரவல்தான். இரவல் வாங்குவது தப்பில்லை. வாங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் பிரச்னை.

*

இதுவரை பேசியது உங்களுக்கும் கிடாருக்கும் நடுவே இருக்கிற விவகாரம். இனி வீட்டுக்கு வருவோம்.

‘என்னங்க, ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?’

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த கிடாரும் நம் ஊரில் வாசல்படி தாண்டாது. நடுத்தர வர்க்கத்து வீட்டின் காவல் தெய்வம் ‘அவசியம்’ என்ற சொல். அது பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், அந்தத் தெய்வம் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நகை வாங்கினால் அது முதலீடு. புறநகரில் போக வழியில்லாத இடத்தில் ஒரு மனை வாங்கினால் அதுவும் முதலீடு. ஒரு வாத்தியம் வாங்கினால் மட்டும் ஊதாரித்தனம். லாக்கரில் கிடக்கிற வளையலும் சத்தம் போடாத பொருள்தான். அதை யாரும், ‘என்னத்துக்கு?’ என்று கேட்பதில்லை.

ஆசையைக் கொன்றுவிட்டு அதற்குப் ‘பக்குவம்’ என்று பெயர் வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். ‘ஆறு மாசம் தள்ளிப் போடு, அப்பவும் வேணும்னு தோணிச்சுன்னா வாங்கு’ என்பது நல்ல யோசனை. விளம்பரம் கிளப்பிவிட்ட அரிப்பு ஆறு மாதத்தில் அடங்கிவிடும். ஆனால், ஆறு மாதத்தில் ஓர் ஆசை செத்துப்போனால் அது பொய்யான ஆசை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? தண்ணீர் ஊற்றாமல் விட்ட செடியும்தான் செத்துப்போகிறது.

அதற்காக, ‘என் காசு, என் இஷ்டம்’ என்றும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் நீதி சம்பந்தப்பட்ட கேள்வி வருகிறது. அந்தப் பொருளுக்காக ஒரு தியாகம் நடக்கிறது. செய்கிறவர் யார்? வாங்குகிறவர் தன் சிகரெட்டையோ, சினிமாவையோ, புது போனையோ விட்டுக்கொடுத்தால் அது அவருடைய விலை. பெண்ணின் கோச்சிங் ஃபீஸோ, அம்மாவின் கண் ஆபரேஷனோ தள்ளிப்போனால் விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள். பொருள் ஒருவருக்கு, ரசீது இன்னொருவர் பெயரில். இதை எந்த சங்கீதமும் நியாயப்படுத்தாது.

இதற்கு ஒரு எளிய பரிசோதனை உண்டு. ‘எவ்வளவு ஆச்சு?’ என்று வீட்டில் கேட்டால், முழு விலையை உங்களால் சொல்ல முடியுமா? பாதி விலை சொல்லத் தோன்றுகிறதா? பாதி விலை சொல்லத் தோன்றுகிற பொருளை வாங்காதீர்கள். மீதிப் பாதியை உங்கள் மனசாட்சி தவணை முறையில் வசூலித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கிடார் ஆசையைப் பற்றி வீட்டில் விவாதமாவது நடக்கிறது. வேறு யாருடைய ஆசை அந்த வீட்டில் விவாதத்துக்கே வரவில்லை? கல்யாணத்துக்கு முன்னால் வீணை கற்றுக்கொண்ட பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அந்த வீணைகள் இன்றைக்குப் பிறந்த வீட்டுப் பரணில் துணி சுற்றிக் கிடக்கின்றன. ‘அது வேணும்’ என்று அவர்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக வேண்டாம் என்று அர்த்தமா? கிடாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், அந்த வீணையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள். அதற்குத் தந்தி மாற்றி, மெழுகுக்கட்டு சரிசெய்து கொண்டுவர ஆகும் செலவு உங்கள் கிடாரில் ஒரு பங்குகூட வராது. உங்களுக்கு ஒரு குரல் வேண்டும் என்பது நியாயமான ஆசை என்றால், அந்த நியாயம் அடுத்த அறைக்கும் பொருந்த வேண்டும்.

*

சரி, எல்லாம் யோசித்தாகிவிட்டது. வீட்டில் முழு விலையும் சொல்லியாகிவிட்டது. வாங்கலாம் என்று தீர்மானம். அப்போதும் ஒன்று பாக்கி இருக்கிறது.

தனிக்குரல் உள்ள எதுவும் அதன் குறைகளோடுதான் வரும். ஒற்றைச் சுருள் பிக்-அப்பில் அந்தப் பளிச்சென்ற கூர்மை இருக்கும். கூடவே ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் இருக்கும். சுவரில் ஓடுகிற மின்சாரம் நம் ஊரில் 50 சைக்கிள், அமெரிக்காவில் 60. அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 1955-ல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து அந்த இரைச்சலை ரத்து செய்தார். இரைச்சல் போயிற்று. கூடவே கூர்மையும் கொஞ்சம் மழுங்கிற்று. ‘எனக்கு அந்தக் குரல் வேணும், அந்த இரைச்சல் வேணாம்’ என்றால் நடக்காது. பன்னிரண்டு தந்திக்காரர்களைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. பாதி நேரம் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள், மீதி நேரம் சுருதி சேராமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று. அந்தப் பாதி நேரத்துக்கும் சம்மதம் என்றால்தான் உங்களுக்கு அதன் மேல் பிரியம். இல்லாவிட்டால் ஆசை, அவ்வளவுதான்.

‘பிங்க் ஃபிளாய்ட்’ டேவிட் கில்மர் 1970-ல் நியூயார்க்கில் ஒரு கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கற்பூரம் காட்டவில்லை. கழுத்தை மாற்றினார், பிக்-அப்பை மாற்றினார், துளை போட்டார், அடைத்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த அவர் பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த கிடாரின் குரல். 2019 ஜூன் மாதம் அதையும் தன் மற்ற கிடார்களையும் ஏலம் விட்டார். அது மட்டும் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. மொத்தத்தில் 2 கோடி டாலருக்கு மேல். அவ்வளவும் பருவநிலை மாற்றத்துக்கு எதிராக வழக்கு நடத்துகிற ‘கிளையன்ட் எர்த்’ என்ற அமைப்புக்கு நன்கொடை. வாங்கிய பொருளை முழுக்கப் பயன்படுத்தியவருக்கு அதை விடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நம் பரணில் இருக்கிற சாமான்களைத்தான் நம்மால் விட முடியவில்லை. ஏனென்றால், அவற்றோடு நமக்கு இன்னும் கணக்கு தீரவில்லை. வாங்கினோமே தவிர, வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, தனிக்குரல் உள்ள ஒரு பொருளை வாங்குவது ஒருவகை வாக்குக் கொடுப்பது. ‘நான் உன்னைப் பேச வைப்பேன்’ என்று. அதற்கு விலை ரூபாயில் மட்டும் இல்லை. தினமும் அரை மணி என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 182 மணி நேரம். அந்த மணிகள் எங்கிருந்து வரும்? டி.வி. சீரியலிலிருந்தா, செல்போன் நோண்டுகிற நேரத்திலிருந்தா, குழந்தைக்குக் கதை சொல்கிற நேரத்திலிருந்தா? முதல் இரண்டும் என்றால் பேஷாக வாங்குங்கள், யாருடைய அனுமதியும் தேவையில்லை. மூன்றாவது என்றால் கிடாரோடு குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கொஞ்ச வருஷம் பொறுங்கள். கிடார் எங்கும் போய்விடாது. குழந்தை வளர்ந்துவிடும்.

வாங்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு உங்களுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததே, அது இலவசமாக நடந்தது. அதற்கு நீங்கள் ஏற்கெனவே சொந்தக்காரர்.

வாங்குவதென்றால் மட்டும் ஒரு சின்ன வேலை. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், உங்கள் சாயங்காலங்களிடம் விலை கேட்டுவிடுங்கள். அவை சரி என்று சொன்னால், அப்புறம் பேரம் பேசாதீர்கள்.